‘இல்லை’ன்னு சொன்னா, ஏன்னு எழுதிக் கொடுங்க

(மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணியின் தன்னார்வலர் பயிற்சிக் கூட்டத்தில் பேசிய உரை. வர முடியாத தோழர்கள் பலர் கேட்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா படிங்க. உங்க வார்டு வாட்ஸ்அப் குழுக்களில் பகிருங்க.)



நம்ம அணியில பாதிப் பேருக்கு மேல இன்ஜினியரிங் படிச்சவங்க. அதனால உங்களுக்குப் புரியற ஒரு உதாரணத்தோட ஆரம்பிக்கிறேன். நீங்க ஒரு ஆப் எழுதுறீங்க. ஒருத்தர் படிவத்தை நிரப்பி அனுப்புறார். திரையில ‘பிழை’ன்னு மட்டும் வருது. என்ன பிழை, எந்த இடத்துல, எப்படித் திருத்துறது, ஒண்ணுமே இல்லை. இப்படி ஒரு ஆப்பை உங்க டீம் லீட் ஒத்துக்குவாரா? அன்னைக்கே திருப்பி அனுப்பிடுவார்.

ஒரு மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு போட்டு, அது மறுக்கப்படும்போது நம்ம ஊர்ல பல பேருக்குக் கிடைக்கிற பதில் இதேதான். ‘நிராகரிக்கப்பட்டது’ன்னு போன்ல ஒரு குறுஞ்செய்தி. இல்லேன்னா கவுன்ட்டர்ல வாய் வார்த்தையா ‘உங்களுக்கு வராதுங்க’. ஏன் வராது, யார்கிட்ட போய் முறையிடணும், எத்தனை நாளுக்குள்ள போகணும், சொல்ல ஆள் கிடையாது.

உதவித்தொகையை இன்னும் ஏத்தணும்னு மேடையில நிறைய பேர் பேசுறாங்க. பேசணும், தப்பில்லை. நான் இன்னைக்கு பேச வந்தது வேற. தகுதி இருந்தும் கிடைக்காதவங்களைப் பத்தி. அவங்க மேல்முறையீடு செய்ய ஒழுங்கான ஒரு வழி இருக்கணும்ங்கிறதைப் பத்தி. 300 ரூபாயா இருந்தாலும் 3,000 ரூபாயா இருந்தாலும், கைக்கு வராத பணத்துக்கு மதிப்பு ஒண்ணுதான்.

இரண்டு கதவு இருக்கு

முதல்ல இந்த அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். உதவித்தொகை வாங்க ஒருத்தர் இரண்டு கதவைத் தாண்டணும்.

முதல் கதவு ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரோ மருத்துவக் குழுவோ பரிசோதிச்சு, ஊனம் எத்தனை சதவீதம்னு சான்றிதழ் கொடுப்பாங்க. அதை வெச்சுத்தான் தேசிய அடையாள அட்டை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்குது. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தாத்தான் பெரும்பாலான சலுகைகளுக்கான அடிப்படைத் தகுதி.

இரண்டாவது கதவு தாலுகா ஆபீஸ், அல்லது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சான்றிதழ் இருந்தாலும் வருமானம், முகவரி, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குன்னு எல்லாம் பார்த்து, பணம் கொடுக்கலாமா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க.

இந்த இரண்டு கதவுலயும் ஒரு எண்ணோ ஒரு கையெழுத்தோ வாழ்க்கையை மாத்திடும். ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009-ல் வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிற, 80 சதவீதமும் அதுக்கு மேலயும் பாதிப்பு உள்ளவங்களுக்கு மட்டும்தான். ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-ல் இருந்து அதே 300. தமிழ்நாட்டுல வருவாய்த்துறை மூலமா வர்ற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-ல் இருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. கடும் பாதிப்பு உள்ளவங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தர்ற பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். அதுக்கு 75 சதவீதம்னு ஒரு கோடு போட்டிருக்காங்க. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு மாதிரியான சில வகைகளுக்கு அந்தக் கோடு 40.

இப்போ கணக்குக்கு வாங்க. ஒருத்தருக்கு இரண்டு குறைபாடு இருந்தா, இரண்டையும் நேரா கூட்ட மாட்டாங்க. ஒன்றிய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறையில ஒரு சூத்திரம் இருக்கு. பெரிய எண்ணை ‘அ’ன்னு வெச்சுக்கோங்க. சின்ன எண்ணை ‘ஆ’ன்னு வெச்சுக்கோங்க. 90-ல இருந்து ‘அ’வைக் கழிக்கணும். அதை ‘ஆ’வால பெருக்கி 90-ஆல வகுக்கணும். வர்றதை ‘அ’வோட கூட்டணும்.

ஒருத்தருக்குக் காலில் 60 சதவீதம், பார்வையில் 30 சதவீதம். கூட்டினா 90-னு நீங்க நினைப்பீங்க. சூத்திரப்படி 70 தான் வரும். பார்வை டாக்டர் 30-க்குப் பதிலா 40 போட்டா 73.3. அவரே 45 போட்டிருந்தா சரியா 75. அதாவது கடைசி அஞ்சு புள்ளியிலதான் பராமரிப்பு உதவித்தொகை இருக்கா இல்லையாங்கிறதே இருக்கு.

டாக்டர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லலை. ஒரு முகாம்ல நூத்துக்கணக்கான பேர் வரிசையில நிக்கிறாங்க. மதிப்பீடுன்னாலே ஏற்ற இறக்கம் இருக்கும். எந்த அளவீட்டுக் கருவியிலயும் பிழை வரம்பு உண்டுன்னு முதல் வருஷ லேப்லயே படிச்சோம். அதனாலதான் மறுபடி அளக்க ஒரு வழி வேணும்னு கேக்குறோம். அந்த வழிக்குப் பேர்தான் மேல்முறையீடு.

சட்டம் என்ன சொல்லுது?

நல்ல செய்தி, சட்டத்துல அடித்தளம் இருக்கு. 2016 சட்டத்தின் பிரிவு 59-ஐ குறிச்சு வெச்சுக்கோங்க. சான்றிதழ் கொடுக்கிற அதிகாரியின் முடிவால பாதிக்கப்பட்ட யாரும், மாநில அரசு நியமிக்கிற மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம்னு அது சொல்லுது. 2017-ல் வந்த விதிகள் இன்னொண்ணும் சொல்லுது. ஒருத்தருக்குச் சான்றிதழ் கிடையாதுன்னு முடிவு பண்ணா, அதுக்கான காரணத்தை எழுத்து மூலமா அவருக்குத் தெரிவிக்கணும். அதுக்குன்னே தனிப் படிவம் இருக்கு.

இப்போ ஓட்டை எங்கேன்னு பாருங்க.

ஒண்ணு: எத்தனை நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யணும், எப்படி விசாரிக்கணும்னு முடிவு பண்றதைச் சட்டம் மாநிலங்ககிட்ட விட்டுடுச்சு. மேல்முறையீட்டை இத்தனை நாளுக்குள்ள முடிச்சே ஆகணும்னு பிரிவு 59-ல ஒரு வரி கூட இல்லை. சான்றிதழுக்கு முதல்ல ஒரு மாசம்னு இருந்த கெடுவையும் 2024 அக்டோபர் திருத்தத்துல மூணு மாசமா நீட்டிட்டாங்க.

இரண்டு: பிரிவு 59 முதல் கதவுக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரி சொன்ன சதவீதத்தை எதிர்த்துப் போகலாம். தாலுகா ஆபீஸ் பணம் கிடையாதுன்னு சொன்னா அந்தப் பிரிவு உதவாது. உதவித்தொகைத் திட்டங்கள் அரசாணைகள்லயும் வழிகாட்டு நெறிமுறைகள்லயும் ஓடுது. அதனால ஜனங்க என்ன பண்றாங்க? திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போறாங்க. சக்கர நாற்காலியில, ஊன்றுகோல்ல, அம்மா இடுப்புல உட்கார்ந்து. மனுவை வாங்கி முத்திரை குத்தி எண் போட்டு அனுப்புறாங்க. எங்கே அனுப்புறாங்க? பெரும்பாலும் முதல்ல ‘இல்லை’ன்னு சொன்ன அதே தாலுகா ஆபீசுக்கு. அங்கே அதே கிளார்க், அதே ஃபைல், அதே பதில். விடைத்தாளைத் திருத்தினவர்கிட்டயே மறுமதிப்பீட்டையும் கொடுத்தா மார்க் எப்படி மாறும்?

மூணு: விதி புத்தகத்துல இருக்கிறது பாதிக்கப்பட்டவர் கைக்கு வர்ற காகிதத்துல இல்லை. மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்குங்கிறதே பல பேருக்குத் தெரியாது. தெரியாத உரிமையை எப்படிக் கேப்பாங்க?

ஒரு வரியால போன 21,000 ரூபாய்

நம்ம வார்டு உதவி மையத்துல நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். பேர், ஊர், ஆபீஸ் எதுவும் சொல்லலை. கட்டட வேலைக்குப் போய்க்கிட்டிருந்த ஒரு அண்ணன். சாரத்துல இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லை. சான்றிதழ் இருக்கு, அட்டை இருக்கு. ஓய்வூதியத்துக்குப் போட்ட மனு நிராகரிப்பு. ஏன்னு தெரியலை. அவரோட மனைவி மூணு தடவை ஆபீசுக்குப் போனாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. ஒருத்தர் ‘சார் லீவு’ன்னார். இன்னொருத்தர் ‘புதுசா மனு போடுங்க’ன்னார். புதுசா போட்டாங்க. அதுவும் நிராகரிப்பு.

கடைசியா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஃபைல் குறிப்பைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தோம். பதில் வந்தது. காரணம் ஒரே வரி: அடையாள அட்டையில பழைய முகவரி, குடும்ப அட்டையில புது முகவரி. அவ்வளவுதான். முகவரியைத் திருத்தி மறுபடி போட்டதும் உத்தரவு வந்துடுச்சு. முதல் மனுவுக்கும் உத்தரவுக்கும் இடையில 14 மாசம். மாசம் 1,500 ரூபாய்னா 21,000 ரூபாய். அந்தப் பழைய மாசங்களுக்குப் பணம் கிடையாது, உத்தரவு தேதியில இருந்துதான்னு சொல்லிட்டாங்க. அந்த 14 மாசமும் வீட்டை ஓட்டினது அந்த அக்கா வாங்கின வட்டிக் கடன்.

இதுல லஞ்சம் இல்லை, சதி இல்லை. யாரும் வேணும்னே பண்ணலை. முதல் நாளே அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தா பிரச்சினை ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும். எழுதிக் கொடுக்கணும்ங்கிற கட்டாயம் இல்லாததுதான் குறை.

மாதிரி ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கு

இதெல்லாம் நடக்கிற காரியமான்னு கேக்குறவங்களுக்கு: இந்த நாட்டுல ஏற்கெனவே நடக்குது. மேல சொன்ன தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஐயே எடுத்துக்கோங்க. இந்தியாவுலயே முதல் மாநிலமா 1997-ல் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்டது தமிழ்நாடு. 2005 ஒன்றியச் சட்டம் அதைவிட வலுவா வந்தது. அதுல என்ன இருக்கு?

தகவல் தர மறுத்தா, காரணத்தை எழுதணும். அதே கடிதத்துல, யார்கிட்ட மேல்முறையீடு செய்யணும், எத்தனை நாளுக்குள்ளன்னும் எழுதணும். இது பிரிவு 7, உட்பிரிவு 8. முதல் மேல்முறையீட்டை 30 நாள்ல, மிஞ்சிப் போனா 45 நாள்ல முடிக்கணும். அதுக்கு மேல ஆணையம் இருக்கு. மறுத்தது சரின்னு நிரூபிக்கிற பொறுப்பு அதிகாரியோடது, மனு போட்டவரோடது இல்லை. காரணமில்லாம இழுத்தடிச்சா நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம்.

இப்போ ஒப்பிட்டுப் பாருங்க. ஊராட்சியில எத்தனை தெருவிளக்கு மாட்டினாங்கன்னு கேட்டு, பதில் மறுக்கப்பட்டா எனக்கு இவ்வளவு பாதுகாப்பு. நடக்க முடியாத ஒருத்தருக்குச் சாப்பாட்டுக்கான பணம் மறுக்கப்பட்டா, அவருக்கு இதுல பாதி கூட இல்லை. தெருவிளக்குக் கணக்கு கேக்குறது முக்கியம்தான். சாப்பாடு அதைவிட முக்கியமில்லையா?

அரசுச் சேவைகளுக்கே கெடு வெச்ச மாநிலமும் இருக்கு. மத்தியப் பிரதேசம் 2010-ல் பொதுச் சேவை உத்தரவாதச் சட்டம் போட்டது. அறிவிக்கப்பட்ட சேவையைக் குறிச்ச நாளுக்குள்ள தரலைன்னா முதல் மேல்முறையீடு, இரண்டாவது மேல்முறையீடு, தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய்னு 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அதுக்குப் பிறகு பீகார், ராஜஸ்தான், கர்நாடகா, கேரளான்னு பல மாநிலங்கள் அந்த வழியில போயிருக்கு.

உச்ச நீதிமன்றமும் 2024 அக்டோபர்ல ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்திருக்கு. மருத்துவப் படிப்புக்கு இடம் கேட்ட ஓம்கார் ராமச்சந்திர கோண்ட் வழக்கு. அவருக்குப் பேச்சுக் குறைபாடு. 40 சதவீதத்தைத் தாண்டிட்டார்ங்கிற ஒரே காரணத்துக்காக அவரைப் படிக்கத் தகுதியில்லைன்னு ஒதுக்கக்கூடாது, படிக்க முடியுமான்னு பரிசோதிச்சுப் பார்க்கணும்னு நீதிமன்றம் சொன்னது. முடியாதுன்னு சொன்னா மதிப்பீட்டுக் குழு காரணத்தைப் பதிவு செய்யணும்னும் சொன்னது. மேல்முறையீட்டு அமைப்பு உருவாகுற வரைக்கும், பாதகமான முடிவை நீதிமன்றத்துல எதிர்க்கலாம். நீதிமன்றம் அதை வேறொரு முதன்மையான மருத்துவ நிறுவனத்தோட கருத்துக்கு அனுப்பணும்னும் சொன்னது. அந்த வழக்கு கல்லூரி இடத்தைப் பத்தினது. உதவித்தொகைக்கும் நாம கேக்குறது அதே இரண்டுதான்: காரணம் சொல்லு, வேற கண்ணால பார்க்கச் சொல்லு.

பிரிட்டன் சொல்லித் தர்ற பாடம்

வெளிநாட்டுல எல்லாம் சரியா இருக்குன்னு நான் சொல்ல வரலை. பிரிட்டன்ல 2013-ல் மாற்றுத்திறனாளிகளுக்குப் புது உதவித்தொகை முறை வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மறுக்கப்பட்டவர் நேரா தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. முதல்ல அதே துறைகிட்ட ‘மறுபடி பாருங்க’ன்னு கேக்கணும். அதுக்கும் ‘இல்லை’ன்னா அப்புறம்தான் தீர்ப்பாயம்.

தீர்ப்பாயம் துறைக்கு வெளியில இருக்கு. ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், மாற்றுத்திறனாளிகளோட வாழ்க்கையை நேரடியா அறிஞ்ச ஒருத்தர்னு மூணு பேர் உட்கார்ந்து, மனு போட்டவர் பேசுறதைக் கேக்குறாங்க. அந்தத் தீர்ப்பாயம் வரைக்கும் போய் விசாரணை நடந்த வழக்குகள்ல, பல வருஷமா ஏறக்குறைய பத்துல ஏழு மனு போட்டவருக்குச் சாதகமா முடிஞ்சிருக்கு. முதல் முடிவு எந்த லட்சணத்துல இருந்திருக்குன்னு இதுல இருந்தே தெரியுது. நடுவுல இருக்கிற அந்த ‘மறுபடி பாருங்க’ படியிலேயே சோர்ந்துபோய் விட்டுட்டவங்க இந்தக் கணக்குல வரவே மாட்டாங்க.

நமக்கு இதுல இரண்டு பாடம். தீர்ப்பு சொல்றவங்க துறைக்கு வெளியில இருக்கணும். அங்கே போய்ச் சேர்ற வழியில தேவையில்லாத படி இருக்கக்கூடாது. படி ஏற முடியாதவங்களுக்குத்தான் இந்த அமைப்பே, மறந்துடாதீங்க.

நாம முன்வைக்கிற ஆறு கோரிக்கை

தேர்தல் அறிக்கைக் குழுவுக்கு நம்ம அணி சார்பா அனுப்புற குறிப்புல இந்த ஆறும் இருக்கு. ஆட்சியில யார் இருந்தாலும் கேக்க வேண்டியது இது.

1. எழுத்தில் காரணம். ஒவ்வொரு மறுப்பும் எளிய தமிழ்ல ஒரு பக்கக் கடிதமா வரணும். எந்த ஆவணம் குறையுது, எந்த நிபந்தனை பொருந்தலை, எங்கே மேல்முறையீடு, கடைசித் தேதி என்ன, எல்லாம் அதுலயே இருக்கணும். பார்வையற்றவருக்கு ஒலி வடிவிலோ பிரெய்லியிலோ, காது கேளாதவருக்குச் சைகை மொழி விளக்கத்தோடயும் தரணும். காரணம் எழுதாத மறுப்பு செல்லாதுன்னு அரசாணையிலேயே சொல்லணும்.

2. வேற கை. முதல் முடிவு எடுத்தவரும் அவருக்குக் கீழ உள்ளவங்களும் மேல்முறையீட்டைத் தொடக்கூடாது. மாவட்டத்துக்கு ஒரு குழு வேணும். வேற ஆஸ்பத்திரியில இருந்து ஒரு டாக்டர், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில இருந்து ஒருத்தர், ஒரு மாற்றுத்திறனாளி உறுப்பினர். வர முடியாதவங்க வீட்டுக்குக் குழு போகணும்.

3. கெடு. 30 நாள்ல முடிவு. நியாயமான காரணம் இருந்தா 45. அதையும் தாண்டினா, முடிவு வர்ற வரைக்கும் தற்காலிகமா உதவித்தொகையைத் தொடங்கணும். தாமதத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்கு அபராதம்.

4. விண்ணப்ப நாளில் இருந்து பணம். மேல்முறையீட்டுல ஜெயிச்சா, முதல் மனு போட்ட தேதியில இருந்து நிலுவையைத் தரணும். தப்பு அரசோடதா இருக்கும்போது நஷ்டம் மனு போட்டவருக்கு ஏன்?

5. நிறுத்துறதுக்கு முன்னாடி நோட்டீஸ். வந்துக்கிட்டிருக்கிற உதவித்தொகையைத் திடீர்னு நிறுத்தக்கூடாது. தற்காலிகச் சான்றிதழ் காலாவதி ஆச்சுன்னாலும், மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்துட்டு, அது முடியற வரைக்கும் பணத்தைத் தொடரணும்.

6. கணக்கை வெளியிடு. தாலுகா வாரியா, மாதாமாதம்: எத்தனை மனு, எத்தனை மறுப்பு, என்ன காரணம், எத்தனை மேல்முறையீடு, அதுல எத்தனை மாத்தப்பட்டது. தனிநபர் விவரம் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒரு தாலுகாவுல மறுப்புகள் தொடர்ந்து மாத்தப்படுதுன்னா, அங்கே பயிற்சி வேணும்னு அர்த்தம். நம்ம பாஷையில சொன்னா, மேல்முறையீடு அரசுக்கு இலவசமா வர்ற பக் ரிப்போர்ட்.

எதிர்க்கேள்விகளுக்குப் பதில்

பதிவு போட்ட உடனே கமென்ட்ல இரண்டு கேள்வி வரும். பதிலைத் தயாரா வெச்சுக்கோங்க.

‘போலி சான்றிதழ் வாங்குறவங்க இதைப் பயன்படுத்திக்க மாட்டாங்களா?’ மோசடியா சலுகை வாங்கினா 2016 சட்டத்தின் பிரிவு 91-ல் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்னு ஏற்கெனவே இருக்கு. எழுத்துல காரணம், இரண்டாவது டாக்டரோட பரிசோதனை, வெளியிடப்பட்ட கணக்கு, இந்த மூணும் வந்தா போலிகளுக்குத்தான் சிரமம் அதிகம். காகிதத்துல எதுவும் பதிவாகாத இடத்துலதான் புரோக்கர் பிழைக்கிறான். ‘அஞ்சாயிரம் கொடு, முடிச்சுத் தர்றேன்’னு ஒருத்தன் சொல்ல முடியுதுன்னா, காரணம் என்னன்னு மனு போட்டவருக்குத் தெரியாததாலதான்.

‘செலவுக்கு என்ன பண்றது?’ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம். இந்தியா முழுக்க 2.68 கோடி. தமிழ்நாட்டுல எல்லாருமா மேல்முறையீடு செய்யப் போறாங்க? முதல் மறுப்புலயே காரணம் தெளிவா இருந்தா, முகவரி மாதிரி சின்னப் பிழைகளை அவங்களே திருத்திடுவாங்க. மேல்முறையீட்டு எண்ணிக்கையே குறையும். ஒரே ஃபைல் கலெக்டர் ஆபீசுக்கும் தாலுகாவுக்கும் அஞ்சு தடவை போய் வர்ற செலவை இப்பவும் அரசுதான் கொடுக்குது.

இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லுங்க. இது தர்மம் இல்லை. 2016 சட்டத்தின் பிரிவு 24, மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பாதுகாப்பு உதவி, அதே மாதிரி மத்தவங்களுக்குத் தர்றதைவிடக் குறைஞ்சது 25 சதவீதம் கூடுதலா இருக்கணும்னு சொல்லுது. 2023-ல் தமிழ்நாட்டுல முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் ஆச்சு. அதோட 25 சதவீதம் 300. கூட்டினா 1,500. நாடாளுமன்றம் சட்டமா போட்டு உறுதி செஞ்ச தொகையை யாரும் இரக்கப்பட்டுத் தரத் தேவையில்லை. மறுக்கிறதுன்னா சட்டப்படி மறுக்கணும்.

அரசாணை வர்ற வரைக்கும் நீங்க என்ன செய்யலாம்?

காத்திருக்க வேண்டாம். இன்னைக்கே இருக்கிற சட்டத்தை வெச்சு உங்க வார்டுல இதையெல்லாம் செய்ய முடியும்.

மனு போடும்போது ஒப்புகை எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்க. தேதி முக்கியம். மறுப்பு வந்தா, ‘காரணத்தை எழுத்து மூலம் தரவும்’னு ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. பதில் வரலைன்னா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஃபைல் குறிப்பு நகலைக் கேளுங்க. வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குக் கட்டணம் கிடையாது, அதுக்கான சான்றை இணைச்சா போதும்.

சதவீதம் குறைவா போட்டுட்டாங்கன்னா, பிரிவு 59-ஐ மேற்கோள் காட்டி மேல்முறையீடு எழுதுங்க. பழைய பரிசோதனை அறிக்கை, ஸ்கேன், சிகிச்சைச் சீட்டு எல்லாத்தோட நகலும் வையுங்க. அசலை யார்கிட்டயும் கொடுத்துட்டு வராதீங்க.

உரிமை மறுக்கப்பட்டிருக்குன்னு தெரிஞ்சா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். அவருக்கு விசாரிக்கிற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செஞ்சா, சம்பந்தப்பட்ட அதிகாரி என்ன நடவடிக்கை எடுத்தார்னு மூணு மாசத்துக்குள்ள தெரிவிக்கணும்.

வக்கீல் வேணும்னா, சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன்படி மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு பார்க்க மாட்டாங்க. 15100-க்கு போன் பண்ணுங்க, இல்லேன்னா மாவட்ட நீதிமன்ற வளாகத்துல இருக்கிற அலுவலகத்துக்குப் போங்க.

கடைசியா நம்ம அணிக்கு ஒரு வேலை. ஒவ்வொரு வார்டுலயும் ஒரு பதிவேடு தொடங்குறோம். மனு போட்ட தேதி, முடிவு வந்த தேதி, சொல்லப்பட்ட காரணம், எழுத்துல வந்ததா வாய் வார்த்தையா, இந்த நாலு விவரம் போதும். பேர், போன் எண், ஆதார் எதையும் பொதுக் குழுவுல போடாதீங்க. அது அவங்க சொத்து, நம்ம பிரசாரப் பொருள் இல்லை. உதவி கேட்டு வர்றவர் எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. சக்கர நாற்காலியோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற வேலையும் வேண்டாம்.

மூணு மாசம் கழிச்சு அந்தப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தா, நம்ம மாவட்டத்துல எத்தனை பேருக்குக் காரணம் சொல்லாம ‘இல்லை’ன்னு சொல்லியிருக்காங்கன்னு தெரியும். அந்தக் கணக்கோட கலெக்டரைப் பார்ப்போம், நம்ம சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்போம், பேரவையில கேள்வியா எழுப்பச் சொல்வோம். வெறும் கோஷத்துக்கு ‘பரிசீலிக்கிறோம்’னு சொல்லி அனுப்பிடலாம். தேதியோட இருக்கிற கணக்குக்கு அப்படிச் சொல்ல முடியாது.

பதிவேட்டுப் படிவம் இன்னைக்கு ராத்திரி குழுவுல வரும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உங்க வார்டுக்குப் பொறுப்பாளர் பேரை அனுப்பிடுங்க. சைகை மொழி தெரிஞ்ச தோழர்கள் இருந்தா தனியா சொல்லுங்க, அவங்க ரொம்பத் தேவை.



#எழுத்தில்_காரணம்_வேண்டும்
#மேல்முறையீடு_உரிமை
#மாற்றுத்திறனாளிகள்_உரிமை